எங்கும் இருப்பவரைத் தேடி ஓர் ஊருக்குப் போவது

இறைவன் எங்கும் நிறைந்திருக்கிறான் என்று நம்புகிற ஒருவர் அவனை வணங்க ஏன் ஒரு குறிப்பிட்ட ஊருக்குப் புறப்பட வேண்டும்? யாத்திரை வழக்கம் உள்ள எல்லாச் சமயங்களையும் இந்தக் கேள்வி தொட்டிருக்கிறது. தமிழில் இதைக் கூர்மையாகக் கேட்டவர்களில் முதன்மையானவர் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, அப்பர் என்றும் அழைக்கப்படும் திருநாவுக்கரசர். ஈசன் எல்லா இடத்திலும் இருக்கிறான் என்ற உணர்வு இல்லாதவருக்குப் புனித நீராடலால் பயன் ஏதும் இல்லை என்று அவர் தேவாரத்தில் பாடினார். உடம்பையே கோயிலாகக் கொள்ளச் சொன்னார் திருமூலர். சிவவாக்கியர் இன்னும் கடுமையானவர். உள்ளே இருப்பவனை விட்டுவிட்டுக் கல்லைச் சுற்றி வருவதில் பொருள் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர்.

ஆனால் திருநாவுக்கரசரின் வாழ்க்கை அவருடைய கேள்வியோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. தமிழ்நாட்டில் அவர் அளவுக்கு நடந்த அடியார் அரிது. கையில் உழவாரப்படையோடு தலம் தலமாகச் சென்று, கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கி, அந்தந்த ஊருக்குப் பதிகம் பாடினார். முதுமையில் கயிலை காணப் புறப்பட்ட கதையைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்கிறார். காசியைத் தாண்டி நடந்தார். கால் தேய்ந்ததும் கையால் தவழ்ந்தார். கையும் ஓய்ந்ததும் மார்பால் ஊர்ந்தார், உருண்டார். அதுவும் முடியாமல் கிடந்தபோது முனிவர் வடிவில் வந்த சிவன், அங்கிருந்த குளத்தில் மூழ்கி எழச் சொன்னார். எழுந்த இடம் திருவையாற்றுக் குளம். கயிலைக் காட்சி அங்கே கிடைத்தது. ஆடி அமாவாசையில் திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழா இன்றும் நடக்கிறது.

அந்தக் கதையில் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது. கயிலையைக் காணக் கயிலைக்குப் போக வேண்டியதில்லை, காவிரிக்கரையிலேயே காணலாம். ஆனாலும் அங்கே குடியிருந்த எல்லோருக்கும் அன்று அது தெரியவில்லை. கால் தேய நடந்து வந்தவருக்குத் தெரிந்தது. இடம் தேவையில்லை, போவது தேவை என்று சேக்கிழார் சொல்வதாகக் கொள்ளலாம்.

கோயில் சொற்பொழிவுகளில் பொதுவாகச் சொல்லப்படும் விடை வேறு. பசுவின் உடம்பெங்கும் பால் பரவியிருந்தாலும் மடியில்தான் சுரக்கும், இறைவனும் அதுபோலத் திருத்தலங்களில் வெளிப்பட்டு அருள்கிறான் என்பார்கள். சிதம்பரத்துக்கும் பழனிக்கும் இது பொருந்தும். இன்று அங்கே எந்தக் குடும்பத்து அடியாரும் போகலாம், எவருக்கும் அருள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் பெருந்திரளான மக்கள் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் இன்னொரு பயணத்துக்கு இந்த விளக்கம் போதாது. குலதெய்வத்தைக் கும்பிடப் போகும் பயணம் அது.

குலதெய்வத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. தகப்பன் வழியில் வந்து சேர்கிறது. பெரும்பாலும் அந்தத் தெய்வத்துக்குத் தலபுராணம் இல்லை, பாடல் பெற்ற பெருமை இல்லை. ஒரு கண்மாய்க் கரையிலோ காட்டின் ஓரத்திலோ மண்பீடமாகவோ நடுகல்லாகவோ இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தச் சாமியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். அவருடைய சாமி வேறு திசையில் இருக்கும். பால் மடியில்தான் சுரக்கிறது என்றால், ஒவ்வொரு வீட்டாருக்கும் ஒவ்வொரு மடி ஏன்? தத்துவ நூல்கள் இதை அதிகம் பேசவில்லை. விடையைத் தேட நூலகத்தைவிடத் திருப்பூர் நல்ல இடம்.

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் இருக்கிறது அருள்புரம். பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் அவற்றை நம்பி எழுந்த லைன் வீடுகளும் நிறைந்த பகுதி. சாயக்கழிவால் நொய்யல் ஆறும் நிலத்தடி நீரும் கெட்டதைத் தொடர்ந்து, 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் வட்டாரச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகே அவை மீண்டும் இயங்கின. அதற்காக அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்று அருள்புரத்தின் பெயரைத் தாங்கியது. இந்தப் பகுதியில் கட்டிங் மேசையிலும் ஓவர்லாக், பேட்லாக் மிஷின்களிலும் செக்கிங்கிலும் அயர்ன் மேசையிலும் வேலை செய்கிறவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். தேனி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் ஒரு தலைமுறைக்கு மேலாக இங்கே இருக்கிறார்கள். பிற்காலத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களும் சேர்ந்தார்கள்.

பங்குனி மாதம் பௌர்ணமியை ஒட்டி வரும் உத்திர நட்சத்திரம் சாஸ்தாவுக்கு உரிய நாள். தென்மாவட்டக் குடும்பங்களில் பலவற்றுக்குச் சாஸ்தாவே, அதாவது அய்யனாரே, குலதெய்வம். பங்குனி உத்திரத்துக்குப் பிள்ளைகள் எங்கே இருந்தாலும் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அந்த வாரத்தில் திருப்பூரிலிருந்து தெற்கே போகும் பேருந்துகள் நிரம்பி வழியும். பங்காளிகள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து வேன் பிடிப்பதும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்குப் பகுதிக்கு இங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல். ஓர் இரவு போக, ஒரு பகல் கும்பிட, ஓர் இரவு திரும்ப என்று எண்ணி வைத்த பயணம் அது. வேன் கைவசம் இருக்கிறவர்கள் தேனி வழியாகச் சுற்றி, வழியில் உள்ள உறவுக்காரர்களையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த வழி மூன்று விதமான நிலத்தைக் கடக்கிறது. மண்ணுக்கும் தெய்வத்துக்கும் உள்ள உறவு மூன்றிலும் மூன்று விதமாக வெளிப்படுகிறது.

முதலில் கொங்கு நாடு. பல்லடத்தைத் தாண்டித் தாராபுரம் நோக்கிப் போகையில் இருபுறமும் மேட்டுக்காடு. காற்றாலைகள், தென்னந்தோப்பு, முள்வேலியிட்ட மேய்ச்சல் நிலம். வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் சாமியைத் தேடி வேறு ஊர் போகிறார்கள் என்று நினைப்பது தவறு. கொங்கு வேளாளர்களுக்குக் கூட்டம் என்ற பிரிவு உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் காணி ஊர், காணிக் கோயில் உண்டு. இந்த மண்ணிலேயே பல நூறு ஆண்டுகளாக இருக்கிறவர்களும் திருமணப் பத்திரிகையின் முதல் படியை வைக்கத் தங்கள் காணிக் கோயிலுக்குப் போகிறார்கள். காணி என்பது நில உரிமை. ஒரு காலத்தில் நிலத்தின் மேல் இருந்த உரிமை கைமாறிப் போன பிறகும் அந்தக் கோயிலின் மேல் உள்ள கடமை கைமாறுவதில்லை. நிலத்தை விற்றவரும் அங்கே போய்ப் பொங்கல் வைக்கிறார். உடைமை முடிந்த பிறகும் கடமை முடியாத இந்த ஏற்பாடு கருத்தில் கொள்ள வேண்டியது.

ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனியை அடைந்து மேலும் தெற்கே போனால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் நடுவே கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கு இது. இரு மருங்கும் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்கள். பந்தலின் அடியில் கருநீலக் கொத்துகள். வேறு பல இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறை பழுக்கும் திராட்சை இங்கே ஏதாவது ஒரு தோட்டத்தில் எப்போதும் பழுத்திருக்கும். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பன்னீர் வகையை 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று பதிவு இருக்கிறது.

திராட்சைக்கும் கிறித்தவக் குருமாருக்கும் உள்ள தொடர்பு தற்செயலானது அல்ல. கத்தோலிக்கத் திருப்பலிக்குக் கோதுமை அப்பமும் திராட்சை ரசமும் வேண்டும். வேறு பழச்சாறு செல்லாது என்பது திருச்சபையின் விதி. எங்கும் நிறைந்த கடவுளை வணங்கும் மதம்தான் அதுவும். என்றாலும் அதன் மையச் சடங்கு மத்தியதரைக் கடலோரத்து விளைபொருள் இரண்டைக் கேட்கிறது. ஆகவே குருமார் போன இடமெல்லாம் திராட்சைக் குச்சியும் போனது. கலிபோர்னியாவில் ஸ்பானிய மிஷன்கள் திராட்சை நட்டது திருப்பலி ரசத்துக்காகத்தான். ஒரு மண்ணில் பிறந்த நம்பிக்கை இன்னொரு மண்ணில் வேர்விட வேண்டுமானால், பழைய மண்ணின் ஏதோ ஒரு துண்டு கூடவே போக வேண்டியிருக்கிறது.

கம்பத்துத் திராட்சைக்கு இன்னொரு கதையும் உண்டு. கேரளப் பக்கம் ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை, அணை கட்டிச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியவர் பொறியாளர் பென்னிகுவிக். அணை 1895-இல் திறக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் பாசனமும் மதுரை, இராமநாதபுரம் சீமைகளின் நெல்லும் அந்த நீரால் வந்தவை. அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கல் நாட்களில் விழுவதால், கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் அவருக்குப் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். வீட்டுச் சாமிப் படங்களின் வரிசையில் அவர் படமும் மாட்டப்பட்டிருக்கும். 2013-இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. படித்தவர்களில் சிலர் இதை மிகையான நன்றியாகப் பார்க்கலாம். ஆனால் குலதெய்வங்களில் பலவும் இப்படித்தான் தோன்றின. ஊருக்காக உயிர் விட்டவர், ஏரி வெட்டியவர், காவல் காத்தவர், அநியாயமாகக் கொல்லப்பட்ட பெண் என்று ஒரு மனித வரலாறு அடியில் இருக்கும். எங்கும் நிறைந்த பரம்பொருளுக்கு ஊர் தேவையில்லாமல் இருக்கலாம். ஓர் ஊருக்கு ஒருவர் செய்த நன்மைக்கோ, ஒருவருக்கு ஓர் ஊர் செய்த கொடுமைக்கோ ஊர் உண்டு. அந்த இடத்தில் நின்றுதான் அதை நினைக்க முடியும்.

திராட்சைத் தோட்டமும் வறண்ட நிலமும் நகரமும் ஒரே பயணத்தில் அடுத்தடுத்து வரும் இன்னொரு நாடு ஸ்பெயின். அதன் வட பகுதி முழுவதும் சந்தியாகோ யாத்திரைப் பாதை ஓடுகிறது. இயேசுவின் சீடர் யாகப்பரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் கொம்போஸ்தெலா நகரத்துக்குப் போகும் அந்த வழி, ஒயினுக்குப் பெயர்பெற்ற ரியோகா வட்டாரத்தின் ஊடாகச் செல்கிறது. நவாரா பகுதியில் இராச்சே மடத்தின் அருகே, நடந்து வருகிறவர்கள் இலவசமாகக் குடிக்க ஒயின் வரும் குழாயை ஓர் ஒயின் நிறுவனம் 1991-இல் அமைத்தது. ரியோகாவில் சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதா என்ற ஊர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் 1109-இல் இறந்த ஒரு துறவி. யாத்திரிகர்களுக்குச் சாலை போட்டதும் பாலம் கட்டியதும் அவருடைய தவம். ஸ்பெயினின் பொதுப்பணிப் பொறியாளர்களுக்கு இன்று அவர்தான் பாதுகாவலர். பென்னிகுவிக் படத்துக்குச் சூடம் காட்டும் கூடலூர் விவசாயிக்கு அந்தத் துறவியைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியிராது.

அங்கிருந்து தென்கிழக்கே பார்தெனாஸ் ரெயாலெஸ் என்ற பொட்டல் நிலம். காற்றும் எப்போதாவது பெய்யும் மழையும் அரித்த களிமண் குன்றுகள் 40,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கின்றன. அதையும் கடந்தால் எப்ரோ ஆற்றங்கரையில் சரகோசா நகரம். யாகப்பர் மனம் சோர்ந்திருந்தபோது மரியன்னை ஒரு தூணின் மேல் தோன்றி அவரைத் தேற்றினார் என்பது ஐதீகம். பிலார் பேராலயத்தில் அந்தத் தூணின் ஒரு சிறு பகுதி மட்டும் தெரியும்படி விடப்பட்டிருக்கிறது. மக்கள் வரிசையில் நின்று அதை முத்தமிட்டுச் செல்கிறார்கள். வேதாகமம் முழுவதையும் படித்தாலும் கடவுளை வணங்கச் சரகோசாவுக்குப் போ என்று எங்கும் இல்லை. எருசலேமிலும் அல்ல, மலையிலும் அல்ல, ஆவியிலும் உண்மையிலும் தொழ வேண்டும் என்று இயேசு சமாரியப் பெண்ணிடம் சொன்னதைக் காட்டித்தான் சீர்திருத்தச் சபையார் யாத்திரைகளை எதிர்த்தார்கள். ஆனாலும் தூணைத் தேடி வருவது நிற்கவில்லை. திருநாவுக்கரசர் கேட்ட கேள்விக்கு நிகரான கேள்வி அங்கேயும் எழுந்தது. அங்கேயும் மக்கள் கால்களாலேயே பதில் சொன்னார்கள்.

இனி மீண்டும் வேன் போகும் வழி, அதன் மூன்றாவது நிலம். மதுரைக்குத் தெற்கே கரிசல் தொடங்கி, கோவில்பட்டி தாண்டித் திருச்செந்தூர்ப் பக்கம் நெருங்கும்போது மண் நிறம் மாறுகிறது. சாத்தான்குளம், திசையன்விளை, காயாமொழி வட்டாரத்தில் பரந்திருக்கும் செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். மணலின் ஒவ்வொரு துகளிலும் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் மாதங்களில் மணல் பறந்து மேடுகள் இடம் மாறும். இந்த நிலம் மழையே இல்லாத பாலைவனம் அல்ல. பெய்கிற நீரை மணல் உடனே உறிஞ்சிவிடுவதால் மேலே பனையும் முந்திரியும் உடைமரமும் மட்டும் நிற்கின்றன. கற்காலத்தின் கடைசிக் கட்டத்தில் மனிதர்கள் வாழ்ந்ததற்குச் சான்றாக இங்கே கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றித் தொல்லியல் ஆய்வாளர்களான சோய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-இல் எழுதினார்கள். சங்க இலக்கிய மரபில் பாலைக்கு உரியது பிரிவு. அதிலும் பொருள் தேடுவதற்காகத் தலைவன் வீட்டைவிட்டுப் பிரிவதைப் பாலைப் பாடல்கள் மீண்டும் மீண்டும் பேசுகின்றன. தேரிக்காட்டிலிருந்து திருப்பூருக்குப் பஞ்சம் பிழைக்கப் போன குடும்பங்களின் கதை இந்த மரபுக்கு வெளியே இல்லை.

இந்த மணலுக்கு நடுவே இரண்டு அய்யனார் கோயில்கள் புகழ்பெற்றவை. மேலப்புதுக்குடி அருகே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்; வறண்ட தேரியில் வற்றாத சுனை ஒன்று அங்கே இருக்கிறது, பெயரும் அதனால் வந்தது. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகை மாதக் கடைசியில் நடக்கும் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்குப் பெரும் கூட்டம் கூடும். கள்ளனை வெட்டுவதாகப் பாவித்துத் தேரி மணலில் இளநீரை வெட்டுவார்கள். இளநீர் சிந்திய மணலை எடுக்க மக்கள் முண்டியடிப்பார்கள். அதைத் துணியில் முடிந்து எடுத்துப்போய் வீட்டிலும் வயலிலும் கடையிலும் தூவுவார்கள். களவு அண்டாது, விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. அங்கே பிரசாதம் மண்தான். வேறு எந்த மண்ணும் அதற்கு ஈடாகாது.

மண்ணை எடுத்துப்போகும் வழக்கத்தின் முழு வடிவம் பிடிமண். ஊரைவிட்டுப் பெயர்ந்து போகும் குடும்பம், குலதெய்வக் கோயிலில் பூசை செய்து, சாமியிடம் உத்தரவு கேட்டு, ஒரு பிடி மண் எடுத்துப்போய்ப் புதிய ஊரில் வைத்துப் பீடம் எழுப்பும். அந்தப் பிடியோடு தெய்வமும் வந்துவிட்டது என்று கொள்வார்கள். தமிழ்நாட்டுக்கு உள்ளே சிற்றூர் சிற்றூராகத் தெய்வங்கள் இப்படித்தான் பரவின. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் போனவர்களும் ஊர்ச்சாமியைக் கூடவே கொண்டு போனார்கள். திருநெல்வேலிச் சீமைக் கிராமம் ஒன்றின் கோயில்களை ஆராய்ந்த டயான் மைன்ஸ் 2005-இல் வெளியிட்ட நூலில் பிடிமண் வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். மண்ணின் குணம் அதில் வாழ்கிறவர் உடம்பில் கலக்கிறது, ஊருக்கும் ஆளுக்கும் பொருத்தம் உண்டு என்ற தமிழர் எண்ணத்தை வேலண்டைன் டேனியல் 1984-இல் வந்த தம் நூலில் ஆராய்ந்தார்.

தத்துவக் கேள்விக்கு மிகக் கடினமான சோதனை பிடிமண்தான். தெய்வம் ஓர் இடத்தில் மட்டும் கட்டுண்டது என்றால் ஒரு பிடி மண்ணோடு அது பெயர்ந்துவர முடியாது. எங்கும் நிறைந்தது என்றால் மண்ணை எடுத்துவரத் தேவையே இல்லை. பிடிமண் எடுப்பவர் இந்த இரண்டையும் ஏற்காதவர். சாமி வரும், ஆனால் நாம் போய் அழைக்க வேண்டும், அழைத்ததற்கு ஓர் அடையாளம் வேண்டும் என்பது அவர் நிலை. அதைவிட முக்கியமான உண்மை ஒன்று உண்டு. பிடிமண் வைத்துப் புதிய ஊரில் கோயில் கட்டிய பிறகும் பழைய கோயிலுக்குப் போவது நிற்பதில்லை. புதுக் கோயிலில் சக்தி குறைவு என்று அவர்கள் சொல்வதில்லை. தலைப்பிள்ளைக்கு முடியிறக்கவும் காதுகுத்தவும் மூலக்கோயிலுக்கே போகிறார்கள். பாபநாசம் காரையாறு சொரிமுத்து அய்யனாரே எல்லாச் சாஸ்தாக்களுக்கும் மூலம் என்று நம்புகிற தென்மாவட்டத்தார், தங்கள் சாஸ்தாவுக்கும் அப்பால் ஒரு மூலம் இருப்பதை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் போகச் செய்வது எது? தெய்வம் இங்கே இல்லை என்ற குறை அல்ல, போகிறவருக்கு அங்கே உள்ள கடன். அந்தக் கோயிலில் அவருடைய தாத்தா முடியிறக்கினார். பாட்டி தொட்டில் கட்டினார். பெயர் மறந்துபோன முன்னோர் அந்தச் சுனையில் நீர் குடித்துப் பஞ்சத்தைக் கடந்தார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் அங்கே கூடும் பங்காளிகள்தான் அவருக்கு நாளை நல்லது கெட்டதற்கு வருகிறவர்கள். இந்தக் கடன் எங்கும் பரவியிருப்பதில்லை. அதற்கு முகவரி உண்டு. எங்கும் நிறைந்தவனை எங்கிருந்தும் வணங்கலாம். ஓர் இடத்தில் பட்ட கடனை அந்த இடத்தில்தான் செலுத்த முடியும். திருத்தலத்துக்குப் போவது அருள் பெற, குலதெய்வத்திடம் போவது கடன் தீர்க்க. தத்துவ நூல்கள் முன்னதைப் பற்றியே பேசியதால் பின்னது மூடநம்பிக்கை போலத் தோன்றியது.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் கால்டுவெல். 1841 முதல் தேரிப் பகுதியை ஒட்டிய இடையன்குடியில் ஊழியம் செய்தவர். திராவிட மொழிகளுக்கு அவர் செய்தது பெரும் பணி. ஆனால் 1849-இல் வெளியிட்ட நூலில் இந்த மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடு என்று எழுதினார். அச்சத்தை மட்டும் பார்த்தார், அடியில் இருந்த உறவைப் பார்க்கவில்லை. யாத்திரையை இன்னொரு கோணத்தில் கேள்வி கேட்டவர் திருப்பூரின் பக்கத்து ஊரான ஈரோட்டுக்காரர். பெரியார் 1904-இல் காசிக்குப் போனபோது, பிராமணர் அல்ல என்பதால் சத்திரத்தில் சாப்பாடு மறுக்கப்பட்டதை அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. புனித இடம் என்று சொல்லப்பட்ட ஒவ்வொன்றிலும் உள்ளே விடப்படாதவர் ஒருவர் வெளியே நின்றிருக்கிறார். தில்லைக்கு, அதாவது சிதம்பரத்துக்கு, போகத் துடித்த நந்தனார் கதையைத் தமிழர்கள் உருகிப் பாடினார்கள். அவரை எல்லையில் நிறுத்தி வைத்தது யார் என்று கேட்க நெடுங்காலம் ஆயிற்று.

மண்ணுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்ற வாதம் எல்லோருக்கும் ஒன்றுபோல் பொருந்தாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர் எவரைச் சேரியில் ஒதுக்கி வைத்ததோ, கோயில் வாசலில் எவரைத் தடுத்ததோ, அவர் அந்த ஊருக்கு எதுவும் செலுத்த வேண்டியதில்லை. ஊர்தான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. பனியன் கம்பெனியில் சாதி கேட்காமல் மிஷின் கொடுத்த நகரத்தையே அவர் சொந்த ஊராக நினைத்தால் அது நன்றி மறந்த செயல் ஆகாது. பெண்ணின் நிலையும் யோசிக்க வேண்டியது. திருமணத்தோடு அவளுக்குக் குலதெய்வம் மாறிவிடுகிறது. பிறந்த வீட்டுச் சாமியைப் பார்க்க அவள் கணவன் வீட்டாரின் சம்மதத்தை எதிர்பார்க்கிறாள். முன்னோர் மேல் உள்ள கடன் மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுதான். தகப்பன் வழி மட்டுமே அதை எண்ணும் வழக்கம் திருத்தப்பட வேண்டும்.

கடைசியாக, எப்படிப் போவது என்ற கேள்வி. தீர்த்த யாத்திரையை வாகனத்தில் செய்தால் பலன் பாதியாகும் என்று பழைய தருமநூல் மரபு சொல்கிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடந்தே போகிறார்கள். கொம்போஸ்தெலாவில் சான்றிதழ் பெறக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும், சைக்கிள் என்றால் 200. காரில் வந்தவருக்குக் கிடையாது. நடப்பதன் மேன்மையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நடக்க நாள் வேண்டும். அருள்புரத்தில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒருவருக்கு லீவு போட்ட நாளில் சம்பளம் இல்லை. சனிக்கிழமை கைக்கு வரும் கூலியில் அந்த நாள் கழிந்திருக்கும். சரக்கு ஏற்றும் அவசரம் இருந்தால் லீவும் இல்லை. இரவெல்லாம் வேனில் உட்கார்ந்து போய், மணலில் பொங்கல் வைத்து, மறுநாள் காலை ஷிப்ட்டுக்குத் திரும்புகிறவர், திருநாவுக்கரசர் காலால் கொடுத்ததைக் கூலியால் கொடுக்கிறார். அவருக்குப் பலன் பாதி என்று சொல்ல எந்த நூலுக்கும் உரிமை இல்லை.

தைப்பூசம் 2021 முதல் தமிழ்நாட்டில் பொது விடுமுறை. பங்குனி உத்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் திருநாட்கள் பலவும் இல்லை. ஆனால் தொழில் நிறுவனங்களுக்கான 1958-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம், தேசிய விடுமுறைகள் நான்கு போக ஐந்து பண்டிகை நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. எந்தெந்தப் பண்டிகை என்பதைத் தொழிலாளர்களையும் கலந்து முடிவு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டம். திருப்பூர், பல்லடம் வட்டாரப் பனியன் கம்பெனி முதலாளிகள் அடுத்த ஆண்டுப் பட்டியல் போடும்போது, மிஷினில் உட்கார்ந்திருப்பவரிடம் அவர் சாமி எந்த ஊரில், எந்த நாளில் என்று கேட்டு, அந்த ஐந்தில் ஒன்றை அதற்கு ஒதுக்க வேண்டும்.